நாள் பார்ப்பதா, ஆய்வகத்துக்குப் போவதா? குழந்தைக்காகக் காத்திருக்கும் சிங்கப்பூர்த் தம்பதியருக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி முடித்துவிட்டு, பக்கத்து உணவங்காடியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். என் சித்தி மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அக்கா, ஊசியே போடாம, மாதச் சுழற்சியைக் கவனிச்சே குழந்தைக்கு வழி பண்ற மருத்துவ முறை ஒண்ணு இருக்காமே? முதல்ல அதுல போகலாமா, இல்ல நேரா ஐவிஎஃப்க்கே போயிடலாமா?"

அவளுக்கு வயது 33. செங்காங்கில் புது வீடு கிடைத்த பிறகுதான் குழந்தைக்கு முயலத் தொடங்கினார்கள். 14 மாதம் ஆகிறது. ஒவ்வொரு விருந்திலும் யாராவது ஒருவர் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்கள். இரண்டு வழியிலும் நடந்தவள் என்பதால் என்னிடம் கேட்டாள். தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. நான் மருத்துவர் இல்லை, ஆனால் இந்த விஷயத்துக்காக ஐந்து ஆண்டு படித்திருக்கிறேன், அழுதிருக்கிறேன், பணம் கட்டியிருக்கிறேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததை அவளைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுழற்சியைக் கவனிப்பது தடை எங்கே என்று தேடும் வழி. முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் ஐவிஎஃப், அந்தத் தடையைத் தாண்டிப் போகும் வழி. தடை எதுவென்று தெரிவதற்கு முன்னால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நமக்குத்தான் நட்டம். அந்த நட்டத்தில் பணத்தைவிட நாள்தான் பெரியது.

"இயற்கை" என்றால் எது?

நம்மவர்களிடம் இயற்கை முறை என்றால் மலைவேம்புச் சாறுதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்து கைப்பேசிச் செயலி. அது போன மாதங்களின் சராசரியை வைத்து "இன்று உகந்த நாள்" என்று பூப்போட்டுக் காட்டும். உடம்பைப் பார்த்துச் சொல்வதில்லை. மூன்றாவது, இயற்கைச் சுழற்சி ஐவிஎஃப். தூண்டல் ஊசி போடாமல், அந்த மாதம் உடம்பு தானாக முதிர்விக்கும் ஒரே முட்டையை எடுத்து ஆய்வகத்தில் கருவாக்குவது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் அப்படி எடுத்த ஒற்றை முட்டையில் உருவானவர்தான். ஆனால் அந்த ஒரு முட்டை தவறினால் மாதமே போய்விடும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2013இல் இதை வழங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. பெயரில் இயற்கை இருந்தாலும் இதுவும் ஆய்வகத்தில் நடக்கும் ஐவிஎஃப்தான்.

சித்தி மகள் கேட்டது இவை மூன்றும் அல்லாத ஒன்று. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஜான் பில்லிங்ஸ், எவலின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் 1950களில் தொடங்கிய வேலையில் அதன் வேர் இருக்கிறது. கருப்பை வாயில் சுரக்கும் திரவம் மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முட்டை வெளியாகும் நாள் நெருங்க நெருங்க அது தெளிவாகி, வழுவழுப்பாகி, கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும். முட்டை வெளியான பிறகு மறுபடி கெட்டியாகும் அல்லது வறண்டுவிடும். பிறகு அமெரிக்காவின் ஓமஹா நகரில் மகப்பேற்று மருத்துவர் தாமஸ் ஹில்கர்ஸ் இந்தக் கவனிப்பை எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் குறியீட்டுப் பதிவேடாக ஒழுங்குபடுத்தி, அதன்மேல் ஒரு சிகிச்சை முறையைக் கட்டினார். நேப்ரோடெக்னாலஜி என்று அதற்குப் பெயர்.

அங்கே மருத்துவர் என்ன செய்வார்? பதிவேட்டைப் பார்த்து, அந்தப் பெண்ணுக்கு முட்டை வெளியான நாளிலிருந்து கணக்கிட்டு ஹார்மோன் சோதனை செய்வார். முட்டை வளர்வதை ஸ்கேனில் பின்தொடர்வார். தைராய்டைச் சரிசெய்வார். முட்டைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருந்தால் முட்டை வளர மாத்திரை, கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் சிறுதுளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை, பின்பாதிச் சுழற்சி பலவீனமாக இருந்தால், முட்டை வெளியான பின் உடம்பு சுரக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டரோன். கரு மட்டும் கணவன் மனைவி கூடலில்தான் உருவாக வேண்டும். ஐவிஎஃப்பும் கிடையாது, விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐயும் கிடையாது. ஆகவே "ஊசியே இல்லாத முறை" என்று அவள் கேள்விப்பட்டது சரியில்லை. மருந்தும் உண்டு, ஊசியும் உண்டு, சில சமயம் கத்தியும் உண்டு.

நாள் எண்ணுவது நமக்குப் புதிதும் இல்லை. பூப்புக்கு, அதாவது மாதவிலக்குக்கு, பின் வரும் பன்னிரண்டு நாளும் கணவன் மனைவியைப் பிரிந்து இருக்கலாகாது என்று தொல்காப்பியக் கற்பியலே சொல்கிறது. அமெரிக்காவில் 221 பெண்களைப் பின்தொடர்ந்து 1995இல் வெளியான ஆய்வு, கருத்தரிக்கும் வாய்ப்பு முட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாள்களுக்குள் மட்டுமே இருந்தது என்று காட்டியது. அந்த ஆறில் முதல் நாள் கூடினால் நூற்றுக்குச் சுமார் 10 வாய்ப்பு, கடைசி நாளில் 33. 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு அந்த ஆறு நாளும் பெரும்பாலும் பழைய கணக்குக்குள் வந்துவிடும். 35 நாள் சுழற்சி உள்ளவளுக்கு வராது. என் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இருபத்தொன்றாம் நாள்

எனக்கு 34 வயதில் சுழற்சி 35 நாள், சில மாதம் 36. ஒரு தனியார் மருந்தகத்தில் வழக்கப்படி இருபத்தொன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். புரோஜெஸ்டரோன் குறைவு. "முட்டை வெளியாவதே இல்லை" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அரை வருடம் சாப்பிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தோழி கத்தோலிக்கர். ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து அன்னை தேவாலயத்துக்குத் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர். அவர்தான் எனக்குப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுத்தார். காலையில் எழுந்திருக்கும் முன்பே, படுத்தபடியே வெப்பமானியை வாயில் வைக்க வேண்டும். முட்டை வெளியான பிறகு உடல் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி வரை ஏறி, அடுத்த மாதவிடாய் வரை அங்கேயே நிற்கும். திரவம் முன்கூட்டிச் சொல்லும், வெப்பம் பின்னால் உறுதிசெய்யும். மூன்று மாதம் எழுதினேன். மூன்றிலும் வெப்பம் இருபத்திரண்டாம் நாள்தான் ஏறியது.

விஷயம் இவ்வளவுதான்: அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியது முட்டை வெளியாகி ஏழாம் நாள். 28 நாள் சுழற்சியில்தான் அது இருபத்தொன்றாம் நாளாக வரும். எனக்கு அது இருபத்தெட்டு. முட்டை வெளியாகிக்கொண்டிருந்த அன்றே ரத்தம் எடுத்துவிட்டு, முட்டையே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வேறோர் இடத்தில் இருபத்தெட்டாம் நாள் சோதித்தபோது அளவு நன்றாகவே இருந்தது. முடிவைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் சுரங்க நடைபாதையில் நின்று அழுதேன். என் உடம்பை முதல்முறையாக நம்பிய நாள் அது.

சுழற்சி சார்ந்த முறைக்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. ஒவ்வொரு பெண்ணின் கணக்கும் வேறு என்பதை அது மதிக்கிறது. ஐவிஎஃப்பே செய்ய முடிவெடுத்தவர்கள்கூட மூன்று மாதப் பதிவேட்டோடு மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நம்பிக்கை வந்த வேகத்தில் இன்னும் ஏழு மாதம் அதே வழியில் போனேன். உகந்த நாள்களை வட்டமிட்டேன். டேங்க் ரோடு முருகன் கோயிலில் சஷ்டி விரதமும் இருந்தேன். பதிவேடு அழகாக இருந்தது, குழந்தை இல்லை. அந்த ஏழு மாதமும், அதற்கு முந்தைய ஒன்றரை வருடமும், என் கணவரின் விந்தணுவைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர் கூச்சப்பட்டார், நான் வற்புறுத்தவில்லை. நம் வீடுகளில் குழந்தை இல்லையென்றால் பெண்ணைத்தான் முதலில் அழைத்துப் போவார்கள். நானும் அப்படித்தான் என்னையே அழைத்துக்கொண்டு அலைந்தேன்.

கடைசியில் சோதித்தோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய கீழ் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் விந்தணு. அவருடையது 3 மில்லியனைத் தொடவில்லை. என் உடம்பைப் பற்றிய எந்தப் பதிவேட்டிலும் அது தெரிந்திருக்க வழியே இல்லை.

குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆணின் காரணமும் கலந்திருக்கிறது. விந்தணுச் சோதனை எளியது, மற்ற சோதனைகளை ஒப்பிட்டால் மலிவானது, இரண்டு முதல் ஏழு நாள் கூடாமல் இருந்துவிட்டுப் போனால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். எந்த வழியில் போவதானாலும் இதைத்தான் முதலில் செய்யுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்களை எப்படிப் படிப்பது

சுழற்சி சார்ந்த சிகிச்சையை ஆதரிப்பவர்கள் அடிக்கடி காட்டுவது அயர்லாந்தில் ஒரு பொது மருத்துவ நிலையத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு. ஓராண்டுக்கு மேல் முயன்றும் பலிக்காமல் சிகிச்சை தொடங்கிய 1,072 தம்பதியர். பெண்களின் சராசரி வயது 35.8. முயன்ற காலம் சராசரியாக 5.6 ஆண்டு. மூன்றில் ஒரு பங்கினர் ஏற்கெனவே ஐவிஎஃப் போன்ற சிகிச்சைகளை முயன்றவர்கள். இரண்டு ஆண்டில் நூற்றுக்கு 52.8 தம்பதியருக்குக் குழந்தை என்று சொல்வார்கள். அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: 25.5. தொடங்கிய எல்லாரையும் வைத்து நேராக எண்ணினால் கிடைப்பது இது. பாதியில் விலகியவர்கள் தொடர்ந்திருந்தால் மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் பலித்திருக்கும் என்று சரிக்கட்டினால் கிடைப்பது 52.8. விலகுகிறவர்களில் பலர் நம்பிக்கை இழந்தவர்கள் என்பதால், உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அந்த ஆய்வில் இல்லை. இருந்தாலும் ஐந்தரை ஆண்டு காத்திருந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு, ஆய்வகம் இல்லாமல் குழந்தை பிறந்திருக்கிறது. அதைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஐவிஎஃப் பக்கமும் இதே கவனம் வேண்டும். "வெற்றி விகிதம்" என்று சொன்னால் எதற்கு எது என்று கேளுங்கள். சோதனையில் கர்ப்பம் தெரிந்ததா, குழந்தை பிறந்ததா? கருவை உள்ளே வைத்தவர்களில் எத்தனை பேர் என்ற கணக்கா, ஊசி தொடங்கிய எல்லாரிலும் எத்தனை பேர் என்ற கணக்கா? உங்கள் வயதுக்காரர்களின் எண்ணா, எல்லா வயதும் சேர்ந்ததா? நான் ஒரு தனியார் நிலையத்தில் இதைக் கேட்டபோது பதில் வரவில்லை. அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

பணம்

பதிவேடு எழுதச் செலவு குறைவு. ஒரு வெப்பமானி, மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டை வெளியேற்றச் சோதனைப் பட்டைகள், கற்றுத்தருகிறவரின் கட்டணம். சோதனை, மருந்து, அறுவை சிகிச்சை என்று போகும்போது ஏறும்.

ஐவிஎஃப் ஒரு சுழற்சிக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். தனியாரில் இன்னும் கூடும். கேகே மகளிர் சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆகிய மூன்று அரசாங்க நிலையங்களில் கூட்டு நிதியாதரவு உண்டு. இருவரும் சிங்கப்பூரர் என்றால் செலவில் 75 விழுக்காடு வரை: முட்டை எடுப்பதிலிருந்து தொடங்கும் புதுச் சுழற்சிக்கு 7,700 வெள்ளி, ஏற்கெனவே உறையவைத்த கருவை வைக்கும் உறைகருச் சுழற்சிக்கு 2,200 வெள்ளி உச்சவரம்பு, இரண்டிலும் மும்மூன்று முறை. ஒருவர் நிரந்தரவாசியோ வெளிநாட்டவரோ என்றால் விகிதம் குறையும். ஊரிலிருந்து பெண்ணோ மாப்பிள்ளையோ எடுத்த நம் குடும்பங்கள் இதை முன்னாலேயே விசாரித்துவிடுவது நல்லது. ஐயூஐக்கும் 2020 முதல் 75 விழுக்காடு, ஒரு முறைக்கு 1,000 வெள்ளி வரை, மூன்று முறை. நம் மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து ஐவிஎஃப்க்கு முதல் முறை 6,000, இரண்டாம் முறை 5,000, பிறகு 4,000 என்று எடுக்கலாம். வாழ்நாள் வரம்பு 15,000.

இதில் முடிவைப் பாதிக்கிற ஒரு விதி இருக்கிறது. இந்த ஆதரவு மனைவிக்கு 40 வயது ஆவதற்கு முன் தொடங்குகிறவர்களுக்கானது. 40க்கு முன் ஒரு முறையாவது முயன்றிருந்தால்தான், ஆறு சுழற்சியில் இரண்டை 40க்குப் பிறகும் ஆதரவோடு செய்ய முடியும். 38 வயதில் "இன்னும் இரண்டு வருடம் இயற்கையாகப் பார்ப்போம்" என்பவர்கள் இந்தக் கதவு மூடுவதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

எது சரி என்ற கேள்வி

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். மருத்துவமனையில் இதற்கு ஒதுக்கப்படும் நேரம், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் நேரம் மட்டுமே.

எனக்கு ஊசிபோட்டு எடுத்த முட்டைகள் பதினொன்று. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை நேரடியாகச் செலுத்தி நல்ல கருவாக வந்தவை மூன்று. ஒன்று என் மகள். இப்போது தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். மற்ற இரண்டும் உறைநிலையில் இருக்கின்றன. ஆண்டுதோறும் பாதுகாப்புக் கட்டணத்துக்கான கடிதம் வரும். அதில் தேர்வுகளும் உண்டு: தொடர்ந்து வைத்திருக்கலாம், அழித்துவிடச் சொல்லலாம், இன்னொரு தம்பதியருக்குக் கொடுக்கலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். கணவர் ஒருமுறை "முடித்துவிடலாமே" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மகள் எந்தக் கிண்ணத்திலிருந்து வந்தாளோ அதே கிண்ணத்திலிருந்து வந்தவை அவை. அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை என்று சொல்ல முடியவில்லை, வெறும் செல் என்றும் சொல்ல முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கட்டணத்தைக் கட்டிவிடுகிறேன்.

ஊசி தொடங்குவதற்கு முன் யாராவது என்னை உட்காரவைத்து, "எத்தனை முட்டையைக் கருவாக்கலாம்? மிஞ்சினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். எல்லா முட்டையையும் கருவாக்கத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு மூன்றோடு நிறுத்தச் சொல்லலாம். வாய்ப்பு குறையும், ஆனால் மிஞ்சும் கருவின் பாரமும் குறையும். ஐவிஎஃப் செய்யலாமா கூடாதா என்ற பெரிய கேள்விக்கு நடுவே இப்படி ஒரு பாதை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. கணவன் மனைவி இருவரும் இதை வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

என் கத்தோலிக்கத் தோழிக்கு இந்தக் கேள்வி வரவே இல்லை. வத்திக்கான் 1987இல் வெளியிட்ட அறிவுறுத்தல் அவருக்கு வழி சொல்லிவிட்டது: கணவன் மனைவி கூடலுக்கு மருத்துவம் துணைநிற்கலாம், அதன் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. நேப்ரோ முறை பிறந்ததே இந்த நம்பிக்கையிலிருந்துதான். என் மகள் பிறந்த விதத்தை நான் தவறென்று நினைக்கவில்லை, ஆகவே அந்த எல்லைக்கோட்டை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அதே போதனையில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது: திருமணம் செய்ததாலேயே குழந்தை நமக்கு உரிமையாகிவிடாது, குழந்தை ஒரு கொடை. "பணம் கட்டியும் ஏன் வரவில்லை" என்று நான் கொதித்த நாள்களில் அந்தச் சொல் என்னை ஆற்றியது.

இஸ்லாமியத் தோழிகளுக்குக் கோடு வேறிடத்தில் விழுகிறது. சன்னி அறிஞர்களில் பெரும்பாலோர், திருமண உறவு நிலைத்திருக்கும்போது கணவனின் விந்தணுவும் மனைவியின் முட்டையும் என்றால் ஐவிஎஃப் கூடும் என்கிறார்கள். மூன்றாமவரின் பங்குக்கு இடமில்லை. இந்துக்களான நமக்கு ஒரே தலைமைப்பீடம் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. அவர்கள் பெரும்பாலும் ஆய்வகத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, கோத்திரத்தைப் பற்றியும் ஊர் வாயைப் பற்றியும்தான் கவலைப்படுகிறார்கள். சில கேள்விகளுக்குச் சிங்கப்பூர்ச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. முட்டை, விந்தணு, கருவை விற்று வாங்குவது 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. வாடகைத்தாய் முறையை இங்குள்ள நிலையங்கள் செய்ய அனுமதி இல்லை.

இயற்கை வழிக்கும் அறக்கேள்விகள் உண்டு. அதைப் பலர் பேசுவதில்லை. முதலாவது காலம். 39 வயதுப் பெண்ணிடம் இரண்டு ஆண்டு பதிவேடு எழுதச் சொல்வது, அவள் திரும்பப் பெற முடியாத ஒன்றை எடுத்துக்கொள்வது. இரண்டாவது ஒளிவின்மை. நம்பிக்கை காரணமாக ஐவிஎஃப்க்குப் பரிந்துரைக் கடிதம் தராத மருத்துவர், அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் நம்பிக்கையை மதிக்கிறேன். தெரிந்துகொண்டு போவது என் உரிமை. மூன்றாவது, படுக்கையறை. வட்டமிட்ட நாளில் கூடித்தான் ஆக வேண்டும் என்று ஆனபின் எங்களுக்குள் பேச்சே குறைந்துபோனது. ஊசிபோட்ட மாதங்களில்கூட நாங்கள் இவ்வளவு விலகி இருந்ததில்லை.

ஐவிஎஃப் பக்கம் இருக்கும் குறை வேறு. காரணத்தைத் தேடாமலேயே வரிசையில் நிறுத்திவிடும் அவசரம். தூண்டல் ஊசியில் முட்டைப்பைகள் அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர வேண்டிவரும் ஆபத்து சிலருக்கு, குறிப்பாக நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட கருவை வைத்தால் இரட்டைப் பிள்ளைக்கும் அதோடு வரும் குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடும்.

சரி, யாருக்கு எது?

இரண்டு கருக்குழாயும் அடைபட்டிருந்தாலோ, எங்களைப் போல விந்தணு மிகக் குறைந்திருந்தாலோ, நாள் பார்ப்பதில் காலத்தைக் கழிக்க வேண்டாம். தென்கிழக்காசியாவின் முதல் ஐவிஎஃப் குழந்தை 1983இல் இந்தச் சிங்கப்பூரில்தான் பிறந்தது. அந்தக் குழுவை நடத்திய பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் இலங்கையிலிருந்து வந்த தமிழர். நாற்பது ஆண்டுக்கு மேல் பழகிய கைகள் இங்கே இருக்கின்றன. மனசாட்சி இடம்கொடுத்தால் போய்விடலாம்.

நீர்க்கட்டியால் சுழற்சி தாறுமாறாக இருப்பவர்களுக்கு, முட்டையை வெளியாக்கும் சிகிச்சைதான் எல்லா மருத்துவருக்கும் முதல் படி. 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், லெட்ரசோல் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும், பழைய மருந்தான குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. இங்கே சுழற்சி சார்ந்த முறையும் வழக்கமான மருத்துவமும் கைகோத்து நடக்கின்றன. நம்மவர்களிடம் உடல் பருமன் இல்லாமலே இன்சுலின் எதிர்ப்பு இருப்பது சகஜம் என்பதால் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்டோமெட்ரியோசிஸ் பற்றி எனக்கு ஒரே பதில் இல்லை. வயது, வலி, முட்டை இருப்பு மூன்றையும் பார்த்துத்தான் அறுவை சிகிச்சையா ஐவிஎஃப்பா என்று முடிவெடுப்பார்கள். முட்டைப்பையில் கத்தி வைத்தால் முட்டை இருப்பு குறையலாம் என்பதால் இரண்டாவது கருத்தும் கேட்டுவிடுங்கள்.

எல்லாச் சோதனையும் சரியாக இருந்து, 35க்குக் கீழே என்றால் இயற்கை வழிக்கு நல்ல இடம் இருக்கிறது. தொடர்ந்து முயலும் தம்பதியரில் நூற்றுக்கு 80க்கு மேல் முதல் ஆண்டிலேயே கருத்தரிக்கிறார்கள். மீதிப்பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டாம் ஆண்டில். பதிவேடு அந்தக் காத்திருப்பைக் கண்மூடிய காத்திருப்பாக இல்லாமல் செய்யும். 35க்கு மேல் ஆறு மாதம் பலிக்கவில்லை என்றாலே மருத்துவரைப் பாருங்கள். 38ஐத் தாண்டியவர்கள் எழுதிக்கொண்டே ஐவிஎஃப்க்கும் பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

ஐவிஎஃப் கூடாது என்று மனசாட்சி சொல்கிறவர்களுக்கு ஒரு சொல். அந்த முடிவுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உங்கள் வழியில் கிடைக்கக்கூடிய மிக முழுமையான சோதனையையும் சிகிச்சையையும் கேட்டுப் பெறுங்கள். எத்தனை ஆண்டு முயல்வது, பிறகு தத்தெடுப்பதா, இருவராகவே வாழ்வதா என்பதையும் இருவரும் சேர்ந்து பேசிவையுங்கள்.

சித்தி மகளுக்கு இதையெல்லாம் இரண்டு மாலைகளில் சொன்னேன். அவளைவிட அவள் கணவர் கவனமாகக் கேட்டார். அடுத்த வாரமே அந்தத் தம்பி தன் சோதனையை முடித்துவிட்டார். எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. அவளுக்குக் கருக்குழாய்ச் சோதனையும் ஆயிற்று, அடைப்பு இல்லை. ஆறு சுழற்சி பார்ப்பது என்று வைத்திருக்கிறார்கள். அவளுக்கு 33 நாள் கணக்கு என்பதால் தைப்பூசத்தை ஒட்டி முடியும். அதற்கு அடுத்த வாரத்தில் அரசாங்க மருத்துவமனையில் ஆலோசனைக்கு இப்போதே நாள் வாங்கியாயிற்று. மிஞ்சும் கரு பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் இரண்டோடு நிறுத்தலாம் என்கிறாள், அவர் மூன்று என்கிறார். நேற்றுக் காலை பதிவேட்டின் முதல் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். எட்டாம் நாள், 36.3.